உள்ளே ஏதோ உருள்கிறது: விலை குறைந்த செமி ஹாலோ கிட்டாருடன் நான்கு மாதம்

பெட்டியிலிருந்து கிட்டாரைத் தூக்கும்போதே உள்ளே ஏதோ உருண்டது. சின்னச் சத்தம்தான், தகர டப்பாவுக்குள் ஒரு கல்லைப் போட்டு ஆட்டினால் வருமே அந்த மாதிரி. ஆசையாக வாங்கிய கிட்டாரை டியூன்கூடச் செய்யாமல், தலைகீழாகப் பிடித்து, எஃப் வடிவத் துளை தரையைப் பார்க்கும்படி வைத்து, உண்டியலிலிருந்து காசு எடுக்கும் பிள்ளை மாதிரி பத்து நிமிடம் குலுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்து விழுந்தது ஓரமெல்லாம் பல் வைத்த ஒரு வாஷர். கூடவே மிளகு அளவில் ஒரு ஈயத் துளி.

வெளியே பார்த்தால் எல்லா நட்டும் அதனதன் இடத்தில் இருந்தது. இந்தப் பல் வாஷர் வெளியே போடுகிற சாமானும் இல்லை. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கிற பாகம் தானும் சேர்ந்து சுற்றிவிடாமல் மரத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்வதற்காக உட்புறம் போடுவது. யாரோ மாட்டும்போது கைதவறி உள்ளே விழுந்திருக்கிறது, எடுக்க நேரமில்லாமல் அது இல்லாமலேயே முடுக்கிவிட்டார்கள். நான்கு குமிழ்களில் எது என்று அப்போது தெரியவில்லை. வாஷரை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடிவிட்டு டியூனரை எடுத்தேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. குறை சொல்லிவிட்டுப் பெயரையும் போட்டால் அது சண்டையாகிவிடும், அது ஒரு காரணம். இன்னொன்று, இந்த விலையில் வருகிற செமி ஹாலோக்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. பல பெயர்களுக்காக மொத்தமாகச் செய்து கொடுக்கிற தொழிற்சாலைகளிலிருந்து வருபவை, தலைப்பகுதியின் வடிவமும் நிறமும்தான் மாறும். இரட்டைக் கொம்பு, இரண்டு ஹம்பக்கர் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிற காந்தச் சுருள்), இரண்டு வால்யூம், இரண்டு டோன், மூன்று நிலை ஸ்விட்ச், 22 பிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி). இதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு பெயரில் ஒன்றைக் கையில் எடுத்தாலும் நான் சொல்கிற இடங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

செமி ஹாலோ என்றதும் பலரும் பாதி அக்கூஸ்டிக், பாதி எலக்ட்ரிக் என்று நினைக்கிறார்கள். ஆம்ப் இல்லாமல் வாசித்தால் அக்கூஸ்டிக் மாதிரி இருக்கும், செருகினால் எலக்ட்ரிக் ஆகிவிடும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று வாங்கிவிட்டு ஏமாந்தவர்களை எனக்கே தெரியும். அப்படி இல்லை. உடம்பின் நடுவில் கழுத்தடியிலிருந்து வால் வரை ஒரு மரக்கட்டை ஓடுகிறது. பிக்கப்பும், ஸ்ட்ரிங்குகளைத் தாங்குகிற பிரிட்ஜும் அந்தக் கட்டையின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதன் இருபுறமும்தான் வெற்றிடம். லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் 1940 வாக்கில் ஒரு பைன் கட்டையில் ஸ்ட்ரிங்கும் பிக்கப்பும் மாட்டி, பார்ப்பதற்குக் கிட்டார் போல இருக்கட்டும் என்று இருபுறமும் ஒரு ஹாலோ கிட்டாரின் இரண்டு பாதிகளை ஒட்டவைத்தார், அதற்கு ‘லாக்’ என்று பெயர். அவருடையதில் அந்த இறக்கைகள் அலங்காரம். 1958-இல் கிப்சன் கம்பெனி ஈஎஸ் 335 என்று ஒரு மாடலைக் கொண்டுவந்தபோது கட்டையும் இறக்கையும் சேர்ந்து ஒரே உடம்பாகிவிட்டது. இன்றைக்கு நாம் வாங்குகிற மலிவு மாடல்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அதன் பேரப்பிள்ளைகள்.

இதே உருவத்தில் நடுக்கட்டையே இல்லாத கிட்டாரும் உண்டு. 1961-இல் வந்த எபிபோன் கசீனோ அப்படித்தான், முழுக்க உள்ளே வெற்றிடம். பீட்டில்ஸில் மூன்று பேர் அதை வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆம்பைக் கூட்டிவைத்தால் உடனே தெரிந்துவிடும். வாங்கும்போது விவரத்தில் ‘சென்டர் பிளாக்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். எஃப் துளை வழியாக டார்ச் அடித்தாலும் தெரியும்.

டார்ச் அடித்த கையோடு உள்ளே இருக்கிற வேலைப்பாட்டையும் பார்த்துவிடலாம். என்னுடையதில் பசை வழிந்து அப்படியே காய்ந்திருந்தது, மரத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒயர்கள் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி கிடந்தன. வெளியே பளபளவென்று கண்ணாடி போல பாலியூரித்தேன் பூச்சு, ஓரப்பட்டையில் ஒரு பிசிறு இல்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கழுத்து உடம்போடு சேர்கிற இடத்தில்கூட இடைவெளி இல்லை, அங்கே ஒரு காகிதம் நுழைந்தாலே நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

உடம்பு மேப்பிள் பிளைவுட். ‘பிளைவுட்டா!’ என்று முகம் சுளிக்க வேண்டாம். அக்கூஸ்டிக்கில் பிளைவுட் என்றால் சிக்கனம், இங்கே கதை வேறு. அந்த 1958 கிட்டாரே அடுக்கு மரத்தில் செய்ததுதான். ஒட்டிய பலகை விறைப்பாக இருக்கும், ஆம்பின் சத்தத்துக்குச் சட்டென்று அதிராது, அதனால் ஊளையும் (ஃபீட்பேக்) குறையும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மலிவுக் கிட்டாரும் விலையுயர்ந்த கிட்டாரும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நடுக்கட்டை எந்த மரம் என்பதில் வேண்டுமானால் வேறுபாடு இருக்கும், அது என் காதுக்குக் கேட்டது என்று சொன்னால் பொய்.

விரல் வைத்து அழுத்துகிற பலகையான பிரெட்போர்டு லாரல் மரம். பார்க்க ரோஸ்வுட்டுக்குத் தம்பி மாதிரி, கொஞ்சம் வெளிறி, வறண்டு. 2017 தொடக்கத்தில் ரோஸ்வுட் வகைகள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, நாடு விட்டு நாடு அனுப்பப் பத்திரம் தேவைப்பட்டதால், கிட்டார் செய்கிறவர்கள் பலர் வேறு மரத்துக்கு மாறினார்கள். 2019-இல் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் மலிவு மாடல்களில் பல லாரலோடே நின்றுவிட்டன. எண்ணெய் ஒரு தடவை தேய்த்தேன், நிறம் இரண்டு படி கறுத்து அழகாகிவிட்டது. வாசிக்கும்போது கைக்கு எந்த வேறுபாடும் இல்லை.

கைக்கு வேறுபாடு தெரிந்த இடம் பிரெட்டின் முனைகள். கழுத்தோரமாகக் கையை ஓட்டினால் ஏழாவது பிரெட்டிலிருந்து பன்னிரண்டு வரை நறநறவென்று உரசியது. மரம் காய்ந்து சுருங்கும்போது உலோகம் சுருங்காதே, அதனால் முனை வெளியே எட்டிப் பார்க்கும். ஓரத்தில் டேப் ஒட்டி, நைசான அரத்தால் அரைமணி நேரம் தேய்த்ததில் போய்விட்டது. அரம் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் செட்டப் செய்கிறவரிடம், அதாவது கிட்டாரை வாசிக்கத் தோதாகச் சரிசெய்து தருபவரிடம், கொடுத்துவிடலாம், சின்ன வேலைதான்.

செட்டப் என்று ஆரம்பித்துவிட்டேன். வந்தபோது இது வாசிக்கிற நிலையில் இல்லை. முதல் பிரெட்டையும் கழுத்து உடம்போடு சேரும் இடத்தையும் அழுத்திப் பிடித்து நடுவில், ஏழு, எட்டாவது பிரெட் பக்கம், இடைவெளி அளந்தால் அரை மில்லிமீட்டர் இருந்தது. நான் 0.2 மி.மீ. பக்கம் வைப்பேன். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்கிற டிரஸ் ராடைக் கால் சுற்று வலதுபக்கம் முடுக்கி ஒரு இரவு விட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம். அதற்கு அப்புறம்தான் பிரிட்ஜைத் தொட்டேன். பன்னிரண்டாவது பிரெட்டில் தடித்த ஸ்ட்ரிங் இரண்டரை மி.மீ. உயரத்தில் நின்றதை 1.8-க்கும், மெல்லியதை ஒன்றரைக்கும் இறக்கினேன். எங்கேயும் உதறவில்லை. இந்த விலைக்கு பிரெட்டுகள் இவ்வளவு சமமாக இருந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம், மெஷினில் வெட்டுகிற காலத்தில் கழுத்து சொதப்புவது அரிதாகிவிட்டது போலிருக்கிறது.

சொதப்பியது நட். கிட்டாரின் நட் வேறு, ஸ்பேனர் போடுகிற நட்டு வேறு, குழம்ப வேண்டாம். கழுத்தின் தலைமாட்டில் ஸ்ட்ரிங்குகள் உட்கார்ந்து போகிற அந்தச் சின்னக் குறுக்குப்பட்டை. என்னுடையது பிளாஸ்டிக், பள்ளங்கள் ஆழமும் போதாது, அகலமும் போதாது. ஆழம் போதவில்லை என்றால் முதல் பிரெட்டில் பிடிக்கிற கார்டு (பல சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) எல்லாம் ஸ்ருதி ஏறிக் கேட்கும். டியூனர் சரி என்கிறது, காது தப்பு என்கிறது, ஆள் பைத்தியமாகிவிடுவான். சோதிக்க ஒரு சுலப வழி, மூன்றாவது பிரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு முதல் பிரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள், ஒரு முடியிழை அளவுதான் இருக்க வேண்டும். என்னுடையதில் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. அகலம் போதாததால் மூன்றாவது ஸ்ட்ரிங் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு, ஸ்ருதி சேர்க்கிற கீயைத் திருப்பும்போது சும்மா இருந்துவிட்டு திடீரென்று ‘டிங்’ என்று துள்ளி ஸ்ருதியைத் தாண்டிப் போகும். மூன்றும் மூன்றுமாகக் கீ வைத்த தலையில் நடு இரண்டு ஸ்ட்ரிங்கும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்து போவதால் அவைதான் முதலில் சிக்கும். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துப் பார்த்தேன், இரண்டு நாள் சமாளித்தது. பிறகு எலும்பில் ஒரு நட் வெட்டிப் போட்டுக்கொண்டேன். டியூனிங் நிற்கவில்லை என்று கீயைக் குறை சொல்கிறவர்கள் முதலில் இந்தப் பட்டையைப் பாருங்கள், பத்துக்கு எட்டுத் தடவை கீ நிரபராதி.

ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரிங் மாற்றும்போது ஆறையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள். பிரிட்ஜும் பின்னால் இருக்கிற கட்டையும் ஸ்ட்ரிங்கின் இழுவையால்தான் நின்றுகொண்டிருக்கின்றன, கழற்றினால் அப்படியே கழன்று வந்து பளபளப் பூச்சில் ஒரு கோடு போட்டுவிடும். கோடு போட்டவன் சொல்கிறேன்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

ஆம்ப் இல்லாமல் வாசித்தால் சாலிட் பாடியைவிட (உள்ளே வெற்றிடமே இல்லாத கட்டைக் கிட்டார்) சத்தம் கூடுதல், அக்கூஸ்டிக்குக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் எனக்கு இதுதான் மிகவும் பிடித்துப்போனது. எல்லோரும் தூங்கிய பிறகு அறையில் உட்கார்ந்து வாசித்தால் எனக்கு மட்டும் நன்றாகக் கேட்கிறது, அடுத்த அறைக்குப் போவதில்லை. சாலிட் பாடியைச் செருகாமல் வாசித்தால் கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும், ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். இதை எடுத்தால் மணி போவது தெரியவில்லை. நான்கு மாதத்தில் நான் வாசித்த நேரத்தில் பாதிக்கு மேல் ஆம்ப் இல்லாமல்தான் என்றால் நம்புங்கள்.

செருகியதும் முதல் வாரம் ஏமாற்றம். கழுத்துப் பக்கப் பிக்கப் மொத்தையாக, போர்வையைப் போட்டு மூடியது மாதிரி கேட்டது, தடித்த ஸ்ட்ரிங் ஒவ்வொன்றும் ‘பூம் பூம்’ என்றது. சரி, மலிவுப் பிக்கப், மாற்ற வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தபோது சும்மா அந்தப் பிக்கப்பின் தடித்த ஸ்ட்ரிங் பக்கத்தை இரண்டு மி.மீ. கீழே இறக்கினேன். போர்வை போய்விட்டது. தொழிற்சாலையில் பிக்கப்பை ஸ்ட்ரிங்குக்கு முத்தம் கொடுக்கிற உயரத்தில் ஏற்றிவைத்திருந்தார்கள், கடையில் செருகியதும் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம். காந்தம் அவ்வளவு அருகில் இருந்தால் ஸ்ட்ரிங்கின் அதிர்வையே இழுத்துப் பிடிக்கும். இறக்கிய பிறகு ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, உருண்டையாக, முனையில் கொஞ்சம் மூச்சுக்காற்று சேர்ந்த மாதிரி வந்தது. ஹம்பக்கர் என்பது 1955-இல் கிப்சனில் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவி, இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி மின் இரைச்சலை அடித்துக்கொள்ளச் செய்வது. வித்தை பழசு, இன்று யார் செய்தாலும் ஓரளவு ஒழுங்காகவே செய்கிறார்கள். ஆகவே பிக்கப் மாற்றுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள், செலவில்லை.

பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பைத் தனியாக நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஆம்பின் கெயினை (உள்ளே வருகிற ஒலியைப் பெருக்குகிற அளவு) கொஞ்சம் ஏற்றி, அடித்த அடிக்குச் சத்தம் உடைந்து கரகரக்கிற விளிம்பில் வைத்தால் நன்றாகக் கடிக்கும், சாலிட் பாடி மாதிரி காதைக் குத்தாமல் சுற்றிலும் காற்று வைத்துக் கடிக்கும். நடு நிலைதான் என் வீடு. இரண்டு பிக்கப்பும் சேர்ந்து, கழுத்துப் பக்க வால்யூமை மட்டும் ஏழுக்கு இறக்கி, விரலால் மீட்டினால் அதற்காகவே இந்த வகைக் கிட்டாரை வாங்கலாம். கிட்டார் கலைஞர் லாரி கார்ல்டனை ‘மிஸ்டர் 335’ என்று அழைக்கிறார்கள், ஏன் ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒரு கிட்டாரின் பெயராலேயே அறியப்படும்படி அதைக் கட்டிக்கொண்டு இருப்பார் என்பது அந்த நடு நிலையில் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. (இரண்டில் ஒரு வால்யூமை முழுக்க அணைத்தால் நடு நிலையில் மொத்தக் கிட்டாரும் ஊமையாகிவிடும். கெட்டுப்போகவில்லை, வழக்கமான ஒயரிங்கே அப்படித்தான்.)

ஒத்திகை அறையில் டிரம்ஸோடு வாசித்தபோதுதான் ஊளை வந்தது. ஆம்பின் சத்தம் உடம்பை அதிரவைக்கிறது, உடம்பு ஸ்ட்ரிங்கை அதிரவைக்கிறது, பிக்கப் அதை மறுபடி ஆம்புக்கு அனுப்புகிறது, வட்டம் சுற்றிச் சுற்றி வளர்ந்துகொண்டே போகும். கெயின் பாதிக்குக் கீழே இருந்தவரை தொல்லை இல்லை. முக்காலுக்குப் போனதும் ஏ சுரத்தில் பிடித்துக்கொண்டு அலறியது. ஆம்புக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் இரண்டு அடி தள்ளி நின்றால் அடங்குகிறது. எஃப் துளையில் ஸ்பாஞ்ச் அடைத்தால் இன்னும் அடங்கும். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் பெயரில் 1980-இல் கிப்சன் வெளியிட்ட லூசில் மாடலில் எஃப் துளையே கிடையாது, காரணம் இதுதான். ஆனால் முழுக்க அடக்கிவிடவும் மனம் வரவில்லை. ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஆம்ப் பக்கம் மெல்லத் திரும்பினால் அது தேயாமல் நின்று, பிறகு எட்டு ஸ்வரம் மேலே தாவிப் பாட ஆரம்பிக்கும், எந்த இடத்தில் நின்றால் எது பாடும் என்று கற்றுக்கொள்வதே தனி விளையாட்டு. நாள் முழுக்க மெட்டல் வாசிக்கிறவருக்கு இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், சாலிட் பாடி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

இப்போது குமிழ்கள். என் ஆத்திரம் முழுக்க இங்கேதான்.

வால்யூமைப் பத்திலிருந்து மூன்று வரை திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை. மூன்றிலிருந்து ஒன்றுக்குள் தொபுக்கென்று கிணற்றில் விழுந்தது மாதிரி இறங்கிவிடும். அதோடு வால்யூம் குறையக் குறையக் கூர்மையும் மங்கி, ஐந்துக்கு வந்தால் சேற்றில் நடப்பதுபோல ஆகிவிடுகிறது. டோன் குமிழ்கள் ஆன், ஆஃப் ஸ்விட்ச் மாதிரி. பிக்கப் மாற்றுகிற ஸ்விட்ச் மூன்றாவது வாரத்திலிருந்து நடுவில் வரும்போது ‘கர்க்’ என்றது, ஐந்தாவது வாரத்தில் நடுவில் வந்தால் சத்தமே நின்றது, விரலால் லேசாகத் தட்டினால் திரும்பி வரும். அந்தத் தட்டு தட்டித் தட்டியே ஒரு பாட்டு முழுக்க ஓட்டியிருக்கிறேன். கழுத்துப் பக்க டோன் குமிழ் ஒரு நாள் கையோடு சேர்ந்து அடியோடு சுற்றியது. டப்பாவில் போட்ட வாஷரின் வீடு எது என்று அன்றைக்குத் தெரிந்தது.

இந்தக் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், எல்லோரும் ‘பாட்’ என்று சொல்வது, எவ்வளவு விலை இருக்கும்? மொத்தக் கிட்டாரின் விலையில் அது தூசு. நல்லதாக நான்கு போட்டிருந்தால் தொழிற்சாலைக்கு என்ன நட்டம் வந்திருக்கும்? சாலிட் பாடியில் இப்படிச் செய்தால் நான் இவ்வளவு கத்தமாட்டேன். அதில் பின்பக்கம் நான்கு திருகாணி கழற்றினால் மூடி வந்துவிடும், எல்லாம் கண்முன்னால் இருக்கும், பள்ளிப் பையன்கூட மாற்றிவிடுவான். செமி ஹாலோவில் பின்பக்க மூடி பெரும்பாலும் கிடையாது. நான்கு பாட், ஸ்விட்ச், ஆம்ப் ஒயரைச் செருகுகிற ஜாக், ஒயர் அத்தனையும் எஃப் துளை வழியாக உள்ளே போய் உட்கார்ந்தவை, அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். திறந்து பார்க்க எளிதான கிட்டாரில் சிக்கனம் பிடித்தால் வாங்கினவன் சரிசெய்துகொள்வான், வயிற்றைக் கிழிக்காமல் கை போகாத கிட்டாரில் போய்ச் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். கடையில் சோதிக்கிறபோது நாம் கார்டு பிடித்துப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், யாரும் வால்யூமைப் பத்திலிருந்து பூஜ்யம் வரை மெல்லத் திருகிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கும் அது தெரியும்.

இதற்கு நடுவில் நண்பர் ஒருவர் தன்னுடைய கிட்டாரோடு வந்தார். அது அசல் வம்சம், என்னுடையதன் விலை அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஒரே ஆம்ப், ஒரே ஒயர். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள நான் மாற்றி மாற்றி வாசித்தேன், குமிழ்கள் எல்லாம் பத்தில். ஆறு தடவையில் மூன்று தடவை சரியாகச் சொன்னார், அதாவது காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். ‘இதுக்காப்பா நான் இவ்வளவு குடுத்தேன்’ என்று சிரித்தார். பிறகு இடம் மாறினோம். அவர் என் கிட்டாரை வாங்கி வால்யூமை ஆறுக்கு இறக்கி வாசித்தார், தன்னுடையதையும் அதே மாதிரி. இரண்டாவது சுரத்திலேயே நான் சொல்லிவிட்டேன் எது எது என்று. அவருடையது ஆறிலும் அதே முகம், சற்றுத் தள்ளி நின்று பேசுகிற குரல். என்னுடையது சளி பிடித்த குரல். அவர் ஒரு பாட்டுக்குள் பத்து முறை அந்தக் குமிழைத் தொடுகிறார், பெடலே இல்லாமல் மெல்லியதும் முரடும் எல்லாம் அங்கிருந்தே எடுக்கிறார். நான் அந்தப் பழக்கமே இல்லாமல் போய்விட்டேன், தொட்டால் கெட்டுப்போகும் என்று பத்திலேயே விட்டுவிட்டேன்.

அன்றைக்கே முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுத்தேன். செய்ய நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், முதலில் எஃப் துளையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பெரிய பாட் 24 மி.மீ. விட்டம், மலிவுக் கிட்டாரில் இருப்பவை 16 மி.மீ. சின்னவை. பெரியது நுழையாது என்றால் சின்னதிலேயே நல்ல தரமாக வாங்க வேண்டியதுதான், சத்தத்தில் பாதகமில்லை. வால்யூமுக்கு ஆடியோ டேப்பர் வகை (காதுக்குச் சீராக ஏறி இறங்குவது) 500 கிலோ ஓம், லீனியர் என்ற வகையை வாங்கினால் பழைய கிணறுதான். டோனுக்கு 0.022 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். இணைப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். டோன் பாகத்தை வால்யூம் பாட்டின் உள்ளே வருகிற முனையில் சேர்க்காமல் வெளியே போகிற நடு முனையில் சேர்ப்பது, பழைய கிப்சன் முறை, ‘ஐம்பதுகளின் ஒயரிங்’ என்பார்கள். இப்படிச் செய்தால் வால்யூமைக் குறைக்கும்போது கூர்மை அவ்வளவு மங்குவதில்லை.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டின் தண்டிலும் ஒரு நூலைக் கட்டிவிட வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நட்டைக் கழற்றி உள்ளே தள்ளி, எஃப் துளை வழியாகக் கொக்கிக் கம்பியால் வெளியே இழுத்தால் நூலின் மறுமுனை அந்தந்த ஓட்டையில் நிற்கும். அட்டை ஒன்றில் கிட்டாரின் ஓட்டைகளை அதே அளவில் வரைந்து துளைத்து, புதுப் பாட்டுகளை அதில் மாட்டி, மேஜைமேல் வைத்து நிதானமாகச் சால்டரிங் செய்தேன். இதுவரை சுகம். திரும்ப உள்ளே விட்டு நூலைப் பிடித்து இழுக்கும்போதுதான் நரகம். ஒன்று வந்து நின்றால் இன்னொன்று மறுபக்கம் ஓடும். தண்டு ஓட்டையில் எட்டிப் பார்க்கும், நட்டைப் போடப் போனால் உள்ளே இறங்கிக்கொள்ளும். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது, கடைசிக் குமிழ் மாட்டும்போது விளக்குப் போட்டிருந்தோம். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம், கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள், அது நியாயமான கூலி.

பலன்? நண்பரிடம் மறுபடி வாங்கி ஒப்பிடவில்லை, ஆனால் ஆறில் சளி போய்விட்டது. இப்போது நானும் குமிழைத் தொட்டுத் தொட்டு வாசிக்கிறேன், ஓவர்டிரைவ் பெடல் ஒரு மாதமாகப் பையிலேயே கிடக்கிறது.

சில்லறை விஷயங்கள் சில பாக்கி. எடை என்னுடையது 3.6 கிலோ, உட்கார்ந்து வாசித்தால் உடம்பு பெரிது, இந்த வகை கிட்டத்தட்ட 16 அங்குல அகலம், சின்ன உருவக்காரர்கள் ஒரு தடவை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேல் பக்க ஸ்ட்ராப் குமிழ் கழுத்து சேரும் இடத்தின் பின்னால் இருப்பதால் நின்றால் கொஞ்சம் முன்னால் சாயும், தோலில் செய்த சொரசொரப்பான ஸ்ட்ராப் போட்டால் நிற்கும். ஜாக் முகப்புப் பலகையிலேயே இருக்கிறது, யாராவது ஒயரை மிதித்தால் அந்தப் பலகைதான் கிழியும், ஆகவே ஒயரை ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகுங்கள். ஜாக்கின் நட்டு தளர்ந்தால் வெளியிலிருந்து அப்படியே முடுக்கிவிடாதீர்கள், உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி ஒயரை அறுத்துக்கொள்ளும். உள்ளே ஏதாவது ஒன்றைச் செருகிப் பிடித்துக்கொண்டுதான் முடுக்க வேண்டும். எங்கேயோ ஒரே ஒரு சுரத்தில் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று அதிர்ந்தால் பிரெட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் ஜாக்கின் நட்டு, பிக்கப் ஸ்பிரிங், பிரிட்ஜின் திருகாணி எல்லாவற்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருக்கிற கிட்டாரில் எது வேண்டுமானாலும் கூடப் பாடும்.

வாங்கலாமா என்று கேட்டால், நட்டும் ஒயரிங்கும் மாற்றுகிற செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள், யானை வாங்குகிறவன் அங்குசத்துக்கும் சேர்த்துத்தான் எடுத்துவைக்க வேண்டும். அப்படிக் கூட்டியும் எனக்கு இது மலிவாகத்தான் முடிந்தது. சுத்தமான சத்தம், லேசான கரகரப்பு, இரவு வாசிப்பு இவை உங்களுக்கு வேண்டும் என்றால் தாராளமாக. குமிழைத் தொடவே மாட்டேன், எப்போதும் பத்துதான் என்கிறவர்கள் எதையும் மாற்றாமலே வாசிக்கலாம், ஸ்விட்ச் கர்க் என்கிற வரை.

அந்தப் பல் வாஷரை டப்பாவிலிருந்து எடுத்து அதன் சொந்த இடத்திலேயே போட்டுவிட்டேன், அதில் ஒரு திருப்தி. ஆனால் அன்றிரவு கடைசி நட்டை முடுக்கும்போது என் கையிலிருந்து வேறொரு வாஷர் நழுவி எஃப் துளைக்குள் போய்விட்டது. குலுக்கிப் பார்த்தேன், வரவில்லை. ஏழாவது பிரெட்டில் ஐந்தாவது ஸ்ட்ரிங்கை அழுத்தி அடித்தால் மட்டும் உள்ளே எங்கேயோ ஒரு ஓரத்தில் கிணுகிணு என்கிறது.